மரத்தடிக் கழிப்பறை



சென்ற வாரம், பக்கத்து வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். அவர்களுடைய பள்ளித் தோட்டத்தின் கோடியில் ஒரு சிறு கட்டடம் எழுப்பப் போகிறார்களாம். இரண்டு கழிப்பறைகள், கை கழுவும் தொட்டி, மண்வெட்டியும் உரமூட்டையும் வைக்க ஒரு பொருளறை. அவ்வளவுதான். “ஐயா, நீங்கள் முன்பு இப்படி ஒன்று கட்டியிருக்கிறீர்களாமே! சுற்றிலும் மரங்கள் இருக்கின்றன. கட்டடம் கண்ணை உறுத்தக் கூடாது. பச்சைச் சாயம் பூசிவிட்டால் போதுமல்லவா?” என்று கேட்டார்.

போதாது என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரில் வருவதாக வாக்களித்தேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய கதையன்று அது. நான் அப்படியொரு கட்டடம் கட்டியது உண்மை. அதன் ஒரு பக்கத்தை ஓராண்டுக்குள் நானே இடிக்கச் சொன்னதும் உண்மை. முதற்பாதியைப் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பாதியை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2012ஆம் ஆண்டில் நான் பேரா மாநிலத்தில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை ஒட்டியிருந்த பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளித் திடலுக்குப் பின்னால் நிலம் மெல்லச் சரிந்து ஓர் ஓடையில் போய் முடியும். அந்தச் சரிவில்தான் பிள்ளைகள் கத்திரியும் வெண்டையும் பயிரிட்டார்கள். பாலர் வகுப்பும் முதலாம் ஆண்டு வகுப்பும் அந்தப் பக்கமே இருந்தன. கழிப்பறையோ திடலுக்கு மறுகோடியில் இருந்தது. மழை பெய்தால் சின்னஞ்சிறு பிள்ளைகள் நனைந்துகொண்டு ஓடவேண்டும். நம் நாட்டு மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சரிவின் அருகில் இன்னொரு கழிப்பறை வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு வரைபடத்தில் வந்தது. குத்தகையாளர் ஒருவர் தந்த வரைபடத்தில் சரிவை வெட்டிச் சமன் செய்து, அங்கிருந்த மூன்று மங்குஸ்தீன் மரங்களையும் அகற்றி, நடுவில் பெட்டி போல ஒரு கட்டடம் இருந்தது. மேலே பளபளக்கும் நீலத் தகரம். “இயற்கைச் சூழல் வேண்டும் என்றீர்களே” என்று, முன்னால் சிமெண்டினால் செய்த மரக்கட்டை இருக்கைகள் நான்கையும் சேர்த்திருந்தார். நம் பூங்காக்களில் பார்த்திருப்பீர்கள்: மரப்பட்டை போலக் கோடு கீறிய சிமெண்டுக் குப்பைத்தொட்டி, கணு வைத்த சிமெண்டு மூங்கில் வேலி. உண்மையான மரத்தை வெட்டிவிட்டுச் சிமெண்டு மரத்தை நடுகிற இந்த வழக்கம் எப்போது தொடங்கியதோ!

மங்குஸ்தீன் மிக மெதுவாக வளரும் மரம். விதையிலிருந்து வளர்ந்தது காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். அந்த மூன்றையும் நட்டவர் பள்ளியின் முன்னாள் தோட்டக்காரர். அவர் இறந்தபின் காய்த்த பழங்களைத்தான் நாங்கள் ஆண்டுதோறும் பறித்துத் தின்றுகொண்டிருந்தோம். கூட்டத்தில் எழுந்து, “மரங்களைத் தொடாமல் நானே ஒரு வரைபடம் தருகிறேன்” என்றேன். கட்டடக்கலை எனக்குத் தெரியாது. வாயை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். தலைமையாசிரியர் பெருந்தன்மையோடு மூன்று வாரம் தவணை கொடுத்தார். பணி ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர், எங்கள் மாணவன் ஒருவனின் தாத்தா, துணைக்கு வந்தார்.

அந்த மூன்று வாரமும் இரவெல்லாம் இணையத்தில் தேடிப் படித்தேன். அப்போது கிடைத்த ஒரு நூல் என்னை வெகுவாக ஈர்த்தது. அமெரிக்க நாட்டுத் தேசியப் பூங்காத் துறைக்காக ஆல்பர்ட் குட் என்ற கட்டடக் கலைஞர் தொகுத்து, 1938இல் மூன்று பாகங்களாக வெளிவந்த நூல் அது. மாளிகைகளைப் பற்றியதன்று. வேலி, படிக்கட்டு, குடிநீர்க் குழாய், வழிகாட்டிப் பலகை, கழிப்பறை என்று யாரும் பொருட்படுத்தாத சிறு கட்டுமானங்களைப் படங்களுடன் ஆராய்கிறது. காட்டுக்குள் எழுப்பப்படும் எந்தக் கட்டடமும் ஓர் அத்துமீறல்தான், தேவை இருந்தால் மட்டுமே அதைக் கட்டலாம் என்ற மனநிலையோடு தொடங்குகிறார் அவர். வண்ணத்தைப் பற்றி அவர் சொல்லியிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. மரங்களுக்கிடையே மிகக் கடினமான வண்ணம் பச்சைதானாம். சரியான பச்சை அமைவது அரிது. அமைந்தாலும் வெளுத்து வேறு நிறமாகிவிடும். மேலும், இலைக்கூட்டத்துக்குள் நிழல் இருக்கிறது. பச்சைக் கூரையோ வெயிலைத் திருப்பி அடிக்கிறது. மண்ணின் பழுப்பும் அடிமரத்தின் சாம்பல் நிறமுமே ஒட்டிப்போகும் என்கிறார்.

அமெரிக்கக் காட்டுக்குப் பொருந்துவது நம் சரிவுக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக்கொண்டு ஒரு சோதனை செய்தேன். ஒரே அளவில் நான்கு பலகைகள். ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு வெளிர்மஞ்சள், ஒன்றுக்குக் கரும்பழுப்பு, ஒன்றுக்குச் சாம்பல் வண்ணம். நான்கையும் மங்குஸ்தீன் மரங்களுக்கிடையே கட்டித் தொங்கவிட்டோம். மாணவர்கள் திடலில் பின்னோக்கி நடந்து சென்று, எந்தப் பலகை எத்தனையாவது அடியில் கண்ணுக்குத் தப்புகிறது என்று எழுதிக்கொண்டார்கள். முதலில் மறைந்தது கரும்பழுப்பு, பிறகு சாம்பல். பச்சைப் பலகை திடலின் மறுகோடி வரை பளிச்சென்று தெரிந்தது. வெளிர்மஞ்சளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மங்குஸ்தீன் இலை தடித்தது, கருமை கலந்தது. கடையில் டின்னில் விற்கும் பச்சை அதற்கு அருகில்கூட வரவில்லை. அறிவியல் பாடத்துக்கு அன்று நல்ல வேட்டை.

தச்சருக்கு இந்த நூலெல்லாம் தேவைப்படவில்லை. “பழைய ஸ்மோக் ஹவுசைப் பார்த்ததில்லையா?” என்றார். ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்தும் அந்தக் கட்டடங்கள் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆண்டுக்கணக்கில் புகையேறிக் கறுத்த பலகைச் சுவர்கள், துருப்பிடித்த கூரை. ரப்பர் மரங்களின் அடிப்பாகமும் அதே நிறம். அவற்றைச் சூழலோடு இசைவாக அமைக்கவேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். அருகில் கிடைத்ததைக் கொண்டு, தேவையான அளவுக்கு மட்டும் கட்டினார்கள். அதனாலேயே அவை அங்கே முளைத்தவை போல நின்றன.

எங்கள் வரைபடம் இப்படி உருவாயிற்று. மரங்களின் நிழல் விழும் எல்லைக்கு வெளியே கட்டடத்தைத் தள்ளினோம். வேர்கள் அந்த எல்லையைத் தாண்டியும் ஓடும் என்பதால், பொருளறைக்கு நீண்ட அடித்தளம் தோண்டாமல், மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகளைப் போலத் தனித்தனி அடிக்கற்களின்மேல் தூண் நிறுத்தித் தரையைச் சற்று உயர்த்தினோம். சரிவை வெட்ட வேண்டியிருக்கவில்லை. மழைநீர் தன் பழைய வழியிலேயே அடியில் ஓடியது. கரையானுக்கும் தூணைத் தவிர வேறு ஏணி கிடைக்கவில்லை. கழிப்பறைகளுக்கு மட்டும் சிமெண்டுத் தரை. கழிவுநீர்த் தொட்டியை ஓடைப் பக்கம் கொண்டு போகாமல் திடலோரமாக வைத்தோம். குழாய்ச் செலவு கூடியது. ஆனால் அதில் சிக்கனம் பார்ப்பது ஓடைக்குச் செய்யும் துரோகம்.

கூரையைக் கரும்பழுப்புத் தகட்டால் வேய்ந்து, சுவரைத் தாண்டி மூன்றடி நீட்டினோம். நீண்ட கூரை சுவரின்மேல் நிழலை வீழ்த்துகிறது. நிழல் விழுந்த சுவர் தூரத்திலிருந்து பாதியாகத் தெரிகிறது. மழைச்சாரலும் உள்ளே வராது. கூரையோரம் தகரப் பீலி வைக்கவில்லை. மரத்தடியில் பீலி வைத்தால் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கும். அடுத்த மாதமே ஏடிஸ் கொசு குடித்தனம் வந்துவிடும். அதற்குப் பதில் கூரைநீர் விழும் கோட்டில் சரளைக்கல் பரப்பினோம். சுவரின் மேற்பகுதியில் காற்றோட்டத்துக்காகச் செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கினோம். கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கரின் வீடுகளில் காணப்படும் சல்லடைச் சுவர்தான் அதற்கு முன்மாதிரி. சன்னலும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், நாற்றம் தங்காது.

இனி, என் சொந்தக் கற்பனைக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குச் சென்றிருந்தேன். நம் சிலாங்கூர் சுங்கை பூலோ அன்று. அந்தத் தீவின் வடமேற்கில் இருப்பது, 1993இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குளிர்நாடுகளிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகளைப் பார்க்க, நீரோரத்தில் மரத்தாலான மறைவிடங்கள் அமைத்திருக்கிறார்கள். பலகைச் சுவரில் நீளவாட்டில் ஒரு திறப்பு, உள்ளே நாம், வெளியே சேற்றில் பறவைகள். நாம் இருப்பதை அவை பொருட்படுத்துவதே இல்லை. கட்டடம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அன்றே மனத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆகவே கழிப்பறைக் கதவுகளைத் திடலுக்குப் புறங்காட்டி, ஓடைப் பக்கம் திருப்பினேன். திடலிலிருந்து பார்த்தால் கதவு, குழாய், தொட்டி எதுவும் தெரியாது. பாதையையும் நேராக விடாமல் மரங்களுக்கிடையே வளைத்துக் கொண்டுபோனேன். சுற்றிலும் லெங்குவாஸ், செரை, பாண்டான் என்று நெருக்கமாக நட்டோம். நான்கைந்து மாதத்தில் லெங்குவாஸ் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

2013ஆம் ஆண்டு பள்ளி திறந்தபோது கட்டடம் தயாராக இருந்தது. வருகை தந்த அதிகாரி ஒருவர் திடலில் நின்றுகொண்டு, “கட்டடம் எங்கே?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனையும் செய்ததாக எண்ணி மகிழ்ந்தேன். அவரை வளைந்த பாதையில் அழைத்துச் சென்று காட்டியபோது நான் அடைந்த பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சூன் விடுமுறைக்குப் பிறகு ஒருநாள், முதலாம் ஆண்டு வகுப்பாசிரியை என்னிடம் வந்தார். ஒரு சிறுமி வகுப்பில் தண்ணீரே குடிப்பதில்லையாம். காலையில் கொண்டு வரும் புட்டி மதியம் அப்படியே திரும்பிப் போகிறதாம். இரண்டு முறை சீருடை நனைந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவளைக் கேட்டால் பதில் இல்லை. மறுநாள் அவளுடைய தாயார் வந்தார். சிறுநீர்த் தொற்றுக்காக மகளை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று வந்திருந்தார். மணிக்கணக்கில் அடக்கிவைத்தால் அது வரும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாததன்று.

அந்த அம்மாள் பால்மரம் வெட்டுபவர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிகத் தணிந்த குரலில், “சார், அந்தக் கக்கூசுக்குப் போகப் பிள்ளை பயப்படுது. உள்ளே யார் இருக்காங்கன்னு தெரியலையாம். போனா நம்மளையும் யாருக்கும் தெரியாதாம்” என்றார். சற்றுப் பொறுத்து, “நான் விடியாத நேரத்துல மரத்துக்கு நடுவுல வேலை செய்றவ. எனக்கே லைட்டைப் போட்டுக்கிட்டாத்தான் தைரியம். இது ஏழு வயசுப் பிள்ளை” என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பள்ளி முடிந்தபின் தனியாக அந்தப் பாதையில் நடந்தேன். பிறகு திரும்பி வந்து, முழங்காலிட்டு, அந்தக் குழந்தையின் கண்ணுயரத்தில் மறுபடியும் பார்த்தேன். ஆறாவது அடியிலேயே வகுப்பறை மறைந்துவிட்டது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இருபுறமும் லெங்குவாஸ் இலைகள் முகத்தில் உரசின. கட்டடத்தின் கருஞ்சுவர் திடீரென்று எதிரில் நின்றது. கதவைக் காண அதைச் சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் போகவேண்டும். உள்ளே அரையிருட்டு. அங்கிருந்து யார் கத்தினாலும் வகுப்பறைக்குக் கேட்காது. அந்த அம்மாள் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய நினைக்கும் ஒருவனுக்கு இதைவிட வசதியான இடத்தை அந்தப் பள்ளி வளாகத்தில் யாரும் கட்டித் தந்திருக்க முடியாது. அதை வரைந்தவன் நான்.

அன்றிரவு சுங்கை பூலோ மறைவிடத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். பறவைகள் இருக்கும் பக்கம்தான் அது மறைவு. நடைபாதைப் பக்கம் அது மறைவே அன்று. நடந்து வருபவனுக்கு நுழைவாயில் தெரிகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. அதை வடிவமைத்தவர்கள் யாரிடமிருந்து மறைக்கிறோம், யாருக்குக் காட்டுகிறோம் என்று இருபுறமும் யோசித்திருக்கிறார்கள். நான் ஒரு புறத்தை மட்டுமே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஸ்மோக் ஹவுசும் அப்படித்தான். நிறத்தில் மரங்களோடு கலந்திருந்ததே ஒழிய, அது எங்கே இருக்கிறது, அதன் வாயில் எந்தப் பக்கம் என்று தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது.

மறுநாளே பாதையோரச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். வேலை முடியும்வரை முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் இருவராக, ஆசிரியை ஒருவரின் பார்வையில் மட்டுமே போகவேண்டும் என்று தலைமையாசிரியர் பணித்தார். செடிகளை வெட்டியபோது ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. சுவரை ஒட்டிப் புதர் வளர்ப்பது எத்தனை பெரிய மடமை என்பதும் புரிந்தது. இப்போது சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெறும் சரளைக்கல்தான்.

பிறகு தச்சரையும் கொத்தனாரையும் அழைத்து, திடல் பக்கச் சுவரை இடித்துக் கதவுகளை அங்கே மாற்றினோம். ஓடைப் பக்கத்தை அடைத்தோம். சங்கப் பணத்தை இரண்டாம் முறை கேட்க மனம் வரவில்லை. செலவில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொண்டேன். தச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஆணியைப் பிடுங்கும்போது மட்டும், “போன வருசமே கேட்டேன், கதவு ஏன் அந்தப் பக்கம்னு” என்று முணுமுணுத்தார். கேட்டிருந்தார்தான். நான் பறவைக் கதை சொல்லி அவர் வாயை அடைத்திருந்தேன்.

பாதையை நேராக்கினோம். முதலாம் ஆண்டு வகுப்பு வராந்தாவில் நின்றால் இரண்டு கதவுகளும் தெரியவேண்டும் என்பதுதான் ஒரே விதி. கதவின் கீழ்ப்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டோம். உள்ளே கால்கள் தெரிந்தால் ஆள் இருக்கிறது என்று பொருள். கூரையில் இரண்டு தகடுகளை எடுத்துவிட்டு ஒளி புகும் தகடு போட்டோம். உட்சுவருக்கு வெள்ளை பூசினோம். வெளிச்சுவர், கூரை, தூண் எல்லாம் பழையபடி கரும்பழுப்பே. அவற்றை மாற்றவேண்டிய தேவை இருக்கவில்லை.

கதவின் நிறத்தை முடிவு செய்யும் பொறுப்பை அந்தச் சிறுமியின் வகுப்பிடம் விட்டோம். மஞ்சள் என்றார்கள். ஆல்பர்ட் குட் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. கருஞ்சுவரில் இரண்டு மஞ்சள் கதவுகள், மரத்தில் பழுத்த இரண்டு இலைகள் போலத் திடலிலிருந்து தெரிந்தன. எனக்கு அது அழகாகவே பட்டது. அழகாகப் படாமல் போயிருந்தாலும் மஞ்சள்தான் இருந்திருக்கும்.

வேலை முடிந்த வாரம் அந்தச் சிறுமியின் தண்ணீர்ப் புட்டியை வகுப்பாசிரியை தினமும் கவனித்து வந்தார். முதல் இரண்டு நாள் பாதி. புதன்கிழமை காலி. அதை அவர் ஆசிரியர் அறைக் கதவோரம் நின்று தலைகீழாகப் பிடித்துக் காட்டினார்.

நான் அந்தப் பள்ளியிலிருந்து மாறி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மரங்கள் மூன்றும் இருக்கின்றன. பழக்காலத்தில் மங்குஸ்தீன் காய் கூரைத் தகட்டில் விழும்போது உள்ளே இருக்கும் பிள்ளை அலறுமாம். வெளியே நிற்பவர்கள் சிரிப்பார்களாம்.

அந்தச் சங்கத் தலைவரைப் பார்க்க வரும் சனிக்கிழமை போகிறேன். முளைக்குச்சிகளும் கயிறும் எடுத்துக்கொண்டேன். கட்டடம் நிற்கப்போகும் இடத்தில் நான்கு மூலைகளையும் அடித்துக் கயிறு கட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வண்ணப் பலகைகளும் இருக்கின்றன, இன்னும் வைத்திருக்கிறேன். வேறு யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேரை அழைத்து வாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். “வரைபடம் போடுவதற்குப் பிள்ளைகள் எதற்கு ஐயா?” என்றார். அங்கே வந்து சொல்கிறேன் என்றேன்.